பதிவேட்டில் இருப்பவர்களுக்குச் சட்டத்திலும் இடம் வேண்டும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கோ எண்ணூர் அனல்மின் திட்டத்துக்கோ வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் இந்திய அரசிடம் அடையாள எண் பெற வழி தெளிவாக இருக்கிறது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால், 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 2018 முதல் இதை இணையத்திலேயே முடித்துவிடலாம். பன்னிரண்டு மாதங்களில் 182 நாட்கள் இங்கே தங்கியிருந்தால், 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டப்படி அவர் ‘வசிப்பவர்’. ஆதார் கேட்டு விண்ணப்பிக்கலாம். வரி கட்டுவதற்கு, வெளிநாட்டவருக்கெனத் தனிப் படிவத்தில் பான் எண் உண்டு. விசாவின் ஆயுள் முடியும்போது ஆதாரின் ஆயுளும் முடிகிறது. அவர் எந்தச் சட்டத்தின்கீழ் இங்கே இருக்கிறார் என்பதில் எந்த அலுவலகத்துக்கும் குழப்பமில்லை.

இதே வடசென்னைப் பகுதியில் புழல் காவாங்கரையிலும், அதற்கு வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1990இல் கைக்குழந்தையோடு படகேறி வந்த ஒரு தாய்க்கு இன்று பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தமிழக அரசின் பதிவேட்டில் அவர் பெயர் உண்டு. முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை, பெரும்பாலும் ஆதாரும்கூட உண்டு. ஆனால், எந்தச் சட்டத்தின்கீழ் அவர் இந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டால் இவற்றில் எதுவும் பதில் சொல்லாது. குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர் இன்றும் ‘சட்டவிரோதக் குடியேறி’.

அந்தத் தாய்க்கு எண்கள் இல்லாமல் இல்லை. அவற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டிய சட்ட நிலைதான் இல்லை. நாற்பது ஆண்டுகளாக ஒரு மக்கள் கூட்டத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்த அரசு, அவர்களை ஒருமுறையாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கைக்குக் குறைவில்லை

1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலிருந்து தொடங்கிய வருகை, போர் முடிந்த காலம்வரை அலை அலையாகத் தொடர்ந்தது. வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பிச் சென்றார்கள். பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் தமிழக அரசு சட்டப்பேரவையில் வைத்த கணக்கின்படி, 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல் நிலையங்களில் பதிவுசெய்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டிருக்கிறது. மாதப் பணக்கொடைக்கு வருவாய்த் துறைக் கணக்கெடுப்பில் நேரில் நிற்க வேண்டும்; கியூ பிரிவு போலீஸிடம் தனிக் கோப்பு இருக்கும். வெளியூரில் வேலை என்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முகாமில் ‘பதிவு’ என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறெதற்கும் இல்லை. பதிவு போனால் பணக்கொடை, அரிசி, வீடு எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இத்தனை பதிவுகளும் அரசு இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க உதவுகின்றன. இவர்கள் அரசிடம் எதையாவது உரிமையாகக் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவு, ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று தெளிவாகவே சொல்கிறது. 2024 தொடக்கத்தில் திருத்தப்பட்ட ஆதார் விதிகள் வெளிநாட்டவருக்கெனத் தனிப் படிவங்களைக் கொண்டுவந்தன. அவை கேட்கும் ஆவணங்கள் விசாவோடு கூடிய பாஸ்போர்ட், வெளிநாட்டு இந்தியர் அட்டை, நீண்டகால விசா போன்றவை. நேபாள, பூடான் குடிமக்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. குண்டுச் சத்தத்துக்கு நடுவே இரவில் படகேறியவரிடம் இவற்றில் எது இருக்கும்?

விளைவு அன்றாட வாழ்க்கையில் தெரிகிறது. சொந்த உழைப்பில் வாங்கும் வண்டியைத் தெரிந்தவர் பெயரில் பதிகிறார்கள். பொறியியல் படித்து முடித்த பிள்ளை, வளாகத் தேர்வின் கடைசிக் கட்டத்தில் ‘பாஸ்போர்ட் இருக்கிறதா?’ என்ற கேள்வியில் நின்றுபோய், அப்பாவோடு பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போவது முகாம்தோறும் கேட்கும் கதை. அந்தப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்ததும் அரசுதான்.

எண்ணூர் சொல்லும் வரலாறு

எண்ணூரில் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு அங்கிருந்த இந்தியர்களை வெளிநாட்டவராகப் பதியச் செய்தது. எஃப்.ஆர்.சி. எனப்பட்ட அந்தப் பதிவுச் சான்றை ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் பலர் விண்ணப்பித்தார்கள், சிலருக்குத்தான் கிடைத்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் கையில் வெளிநாட்டவர் சான்று மட்டுமே மிஞ்சியது. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின், 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது அந்தச் சான்று எதையும் காப்பாற்றித் தரவில்லை. வாழ்நாள் சேமிப்பை அங்கேயே விட்டுவிட்டு மதராஸ் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தமிழகத்துக்கு வந்தவர்கள் மட்டும் லட்சத்துக்கு மேல்.

இறங்கியவர்களை இந்தியா ‘தாயகம் திரும்பியோர்’ என்று பதிந்தது. அந்தப் பதிவு வீட்டு மனைக்கும், தொழில் கடனுக்கும், கடைக்கும் வழிவிட்டது. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. ஒரே தலைமுறையில் அவர்கள் வடசென்னையின் மக்களாகிவிட்டார்கள். அவர்களுக்கும் எளிதான வாழ்க்கை அமையவில்லை. ஆனால், உழைத்ததைத் தம் பெயரில் எழுதிக்கொள்ள முடிந்தது.

பர்மாவிலிருந்து வந்தவர்களை இந்தியக் குடிமக்களாகக் கருத முடிந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் வேறொரு நாட்டின் குடிமக்கள் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அந்த வேறுபாடு உண்மைதான். ஆனால், முகாம்களில் இருப்போரில் கணிசமானோர் மலையகத் தோட்டங்களிலிருந்து வடக்குக்குப் பெயர்ந்து, பிறகு கடல் கடந்து வந்த இந்திய வம்சாவளியினர். 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களின் முன்னோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தமும் 1974 ஒப்பந்தமும் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தன. அப்படிப் பிரிக்கப்பட்டவர்களின் வாரிசுகளை இன்று ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற ஒரே பட்டியலில் அடைப்பது நம் சொந்தக் கையெழுத்தையே மறப்பதாகும்.

கதவு எங்கே மூடப்பட்டது?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் இல்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஒவ்வொரு காகிதம் என்ற நிலை. திபெத்தியர்களுக்குப் பதிவுச் சான்றும், பயணத்துக்கு அடையாளச் சான்றும் உண்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்து நீண்டகால விசாவில் இருக்கும் சிறுபான்மையினருக்கு, 2016இல் மத்திய அமைச்சரவை ஒரே முடிவில் வங்கிக் கணக்கு, குடியிருக்கச் சொந்த வீடு, சுயதொழில், ஓட்டுநர் உரிமம், பான், ஆதார் ஆகியவற்றுக்கு அனுமதி தந்தது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இந்த மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை.

2003இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத் திருத்தம், உரிய ஆவணமின்றி வந்தவர் பதிவு மூலமாகவோ நெடுங்கால வசிப்பு மூலமாகவோ குடியுரிமை கோர முடியாதபடி செய்தது. பிறப்பின் வழி அதற்கு முன்பே குறுகியிருந்தது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாமில், ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த மூத்தவர் இந்தியர். 1988இல் பிறந்த இளையவர் இந்தியர் அல்லர்.

அந்த மூத்தவருக்கும் உரிமை தானாக வரவில்லை. மண்டபத்தில் 1986இல் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்காக உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2022இல் மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார். 38 வயதில் ஒருவர் தன் நாட்டில் முதல் வாக்கைப் பதிவுசெய்வதை வெற்றியாகக் கொண்டாடும்போதே, அவரைப் போன்ற மற்றவர்களும் ஒவ்வொருவராக வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

நல்ல அடிகளும் பாதி வழியும்

2021 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறார்களுக்கு 500 ரூபாய் என்று மாதப் பணக்கொடை உயர்ந்தது. தகரக் கொட்டகைகள் இருந்த இடங்களில் வீடுகள் எழுகின்றன. இவை உண்மையான மாற்றங்கள். ஆனால், அந்தஸ்து தரும் அதிகாரம் மாநிலத்திடம் இல்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம், வெளிநாட்டவர் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்திருக்கிறது. தலைக்கு மேல் தொங்கிய வழக்குப் பயம் விலகியது பெரிய ஆறுதல். ஆயினும், தண்டிக்க மாட்டேன் என்று சொல்வதோடு ஓர் அரசின் கடமை முடிவதில்லை. இங்கே இருக்கலாம், இன்னின்ன உரிமையோடு இருக்கலாம் என்றும் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகள் அதைச் சொல்லியிருக்கின்றன. போரிலிருந்து தப்பி வந்த சிரியர்களைத் துருக்கி ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்ற சட்ட நிலையில் வைத்து, 99 என்று தொடங்கும் வெளிநாட்டவர் அடையாள எண் தந்தது; மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதுவே வழி. அங்கும் குறைகள் உண்டு. ஆனால், எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. கொலம்பியா 2021இல், வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்களுக்குப் பத்தாண்டு செல்லுபடியாகும் பாதுகாப்பு அனுமதி தந்தது. அதில் வேலை செய்யலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம், பின்னர் நிரந்தர வசிப்புரிமையும் கேட்கலாம். இந்தியாவைவிடச் சிறிய நாடு, இலங்கைத் தமிழரைவிடப் பல மடங்கு பெரிய கூட்டத்துக்கு இதைச் செய்தது.

மறுப்புகளுக்குப் பதில்

பாதுகாப்பு என்பார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலைக்குப் பிறகு அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால், முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, கைரேகையும் கருவிழியும் அரசுக் கணினியில் ஏறிய ஒருவரைவிட நன்றாக அறியப்பட்ட ஆள் யார்? தன் பெயரில் வண்டியும் வங்கிக் கணக்கும் வீடும் உள்ளவரைக் கண்டறிவதுதான் எளிது. இன்னொருவர் பெயரில் வாழ வேண்டிய நிலைக்கு மக்களைத் தள்ளுவது எந்தப் பாதுகாப்புக்கும் உதவாது.

போர் 2009இலேயே முடிந்தது, திரும்பிப் போகட்டுமே என்பார்கள். போக விரும்புவோர் போகிறார்கள். அவர்களுக்கும் பிறப்புச் சான்று, இலங்கைத் துணைத் தூதரகப் பதிவு, இங்கிருந்து வெளியேற அனுமதி என்று காகிதம்தான் முதல் தேவை. 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தச் சான்றுகளைத் திரட்டித் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. தெளிவான ஆவணம் உள்ளவருக்கே இருப்பதா, போவதா என்று தானாக முடிவெடுக்க முடியும். காகிதம் இல்லாதவருக்கு அந்த முடிவைச் சூழ்நிலை எடுத்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவதாக, விலக்கு ஆணையில் அடங்கும் எல்லோருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும், ஐந்தாண்டுக்குக் குறையாத நீண்டகால விசாவை மத்திய உள்துறை வழங்க வேண்டும். 2016இல் மற்றவர்களுக்குத் தந்த வசதிகள் அத்தனையும் அதோடு சேர வேண்டும். இரண்டாவதாக, 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்களின் பட்டியலை முகாம் பதிவேடுகளிலிருந்து தமிழக மறுவாழ்வுத் துறையே தயாரித்துக் கொடுக்க, மத்திய அரசு அவர்களை வழக்கின்றி இந்தியக் குடிமக்களாக ஏற்க வேண்டும். மூன்றாவதாக, இந்திய வம்சாவளியினரின் கோரிக்கைகளை இரு ஒப்பந்தங்களின் வெளிச்சத்தில் தனியாகப் பரிசீலிக்க வேண்டும். நான்காவதாக, அரசிடம் பதிவுசெய்துகொண்டு தஞ்சமிருந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆகமாட்டார் என்று குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, நெடுங்கால வசிப்பின் கதவைத் திறக்க வேண்டும்.

இவற்றில் முதல் இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு நிர்வாக ஆணையும், ஏற்கெனவே கையில் இருக்கும் பதிவேடுகளும் போதும். தமிழகத்தின் எல்லாக் கட்சிகளும் இந்த மக்களுக்காகப் பேசியிருக்கின்றன. இனி அவர்கள் டெல்லியில் கேட்க வேண்டியது பரிவுரையை அல்ல, தேதியிட்ட ஆணையை. முகாமில் இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளை பதினெட்டு வயதை எட்டும்போது, எந்த விண்ணப்பப் படிவத்திலும் ‘நாட்டுரிமை’ என்ற கட்டத்தை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு அந்தப் பிள்ளைக்கு உரியதன்று. அதன் பாட்டி கரையேறிய நாளிலேயே பெயரை எழுதிக்கொண்ட அரசுக்கு உரியது.