டிரைவர் யாரு? நாலு வயசுப் பிள்ளைக்குத் தலைமைப் பண்பு எங்கிருந்து வருது



பள்ளிச் சேர்க்கை மாசம் வந்தாலே ஊர் முழுக்க ஃபிளக்ஸ் தான். "பிரீகேஜி முதலே தலைமைப் பண்பு", "மூணு வயசுலேயே ஆளுமைப் பயிற்சி". கட்டணம் எவ்வளவுன்னு கேட்டா தலை சுத்தும். பெற்றோரைக் குறை சொல்ல வரல. தன் பிள்ளை நாலு பேர் முன்னாடி தைரியமா நிக்கணும், யாரையும் ஏமாத்தாம வளரணும்னு ஆசைப்படுறதுல என்ன தப்பு? அதைக் காசு கொடுத்து ஒரு வகுப்புல வாங்கிடலாம்னு அவங்களை நம்ப வைக்கிறது தான் தப்பு.

ஆறு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நல்ல குணமும் தலைமையும் விளையாட்டுல தான் வருது. அந்த விளையாட்டுக்கு நேரம் வேணும், இடம் வேணும், பக்கத்துல கவனிக்க ஒரு பெரியவர் வேணும். இந்த மூணையும் உறுதி பண்றது அரசியலோட வேலை. அதனால தான் கட்சிப் பக்கத்துல இதைப் பத்திப் பேசுறோம்.

பஸ் விளையாட்டை எடுத்துக்குங்க. ஒரு கொடிக்கயிறு போதும். ரெண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு உள்ளே அஞ்சாறு பிள்ளைங்க நின்னா பஸ் ரெடி. முன்னாடி நிக்கிறது டிரைவர். கடைசியில நிக்கிறது கண்டக்டர், வாயாலேயே விசில். பூவரச இலை தான் டிக்கெட்.

எல்லாருக்கும் டிரைவர் ஆகணும். முதல் சண்டையே அங்க தான். கத்திக் கத்தி ஒருத்தன் முன்னாடி போயிடுவான், போனதும் ஓட ஆரம்பிப்பான். நடுவுல இருக்கிற மூணு வயசுக் குட்டியால அந்த வேகத்துக்கு ஓட முடியாது. தடுமாறி விழும், அழும், அப்புறம் கயிறைத் தூக்கிட்டு வெளிய வந்துடும். "நான் வரல போ." அதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் இறங்கிடுவாங்க. டிரைவர் திரும்பிப் பார்த்தா பஸ் காலி. கயிறு மட்டும் தரையில இழுபடுது.

இப்ப யாரும் வந்து அவனுக்கு உபதேசம் பண்ணல. கொஞ்ச நேரம் முறைச்சுக்கிட்டு நிப்பான். அப்புறம் அவனே போய்க் கூப்பிடுவான். "வா, மெதுவா போறேன்." அதுக்கும் வரலைன்னா, "சரி, இந்தத் தடவை நீ டிரைவர்." ஆட்டம் மறுபடி தொடங்கும்.

இது வகுப்பறையில நடக்காது. ஏன்னா வகுப்பை விட்டு எந்தப் பிள்ளையும் எழுந்து போக முடியாது. விளையாட்டை விட்டு யார் வேணும்னாலும் போகலாம். போகக்கூடியவங்களைப் போகாம வச்சுக்கிறவன் தான் அங்க தலைவன். நம்ம பள்ளிகள்ல "கிளாஸ் லீடர்"னு ஒருத்தரை நிறுத்தி, பேசினவங்க பேரை போர்டுல எழுதச் சொல்றோமே, அது தலைமைப் பயிற்சியே இல்ல. சின்ன வயசுலேயே போலீஸ் வேலை.

நம்ம தெரு விளையாட்டுல இன்னொரு அருமையான ஏற்பாடு உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. பெரிய பிள்ளைங்க ஆடும்போது ஒரு குட்டித் தம்பியோ தங்கச்சியோ "நானும் வருவேன்"னு வந்து நிக்கும். துரத்த மாட்டாங்க. சேர்த்துக்குவாங்க, ஆனா அது அவுட் ஆனாலும் கணக்கு கிடையாது. ஓடும், சிரிக்கும், ஆட்டத்தோட விதி தானா மண்டையில ஏறும். ரெண்டு வருஷத்துல அதுவே முழு ஆட்டக்காரர். (பேர்ல மாற்றுத்திறனாளிகளைக் கேலி பண்ற ஒரு சொல் இருக்கு, அதைக் கண்டிப்பா மாத்திக்கலாம். ஏற்பாடு மாற வேண்டாம்.) பலம் குறைஞ்சவங்களுக்குத் தனிச் சலுகை எதுக்குன்னு இன்னைக்கும் டிவி விவாதத்துல சில பேர் கேக்குறாங்க. நம்ம தெருப் பிள்ளைங்க எப்பவோ தீர்த்து வச்ச கேள்வி அது.

போங்காட்டம் ஆடினா என்ன நடக்கும்? அடுத்த ஆட்டத்துல சேர்த்துக்க மாட்டாங்க. சண்டை வந்தா டூ, சமாதானம் ஆனா பழம். பெரியவங்க உடனே பஞ்சாயத்துக்குப் போகாம இருந்தா, பெரும்பாலும் அதுங்களே முடிச்சுக்கும். அடிதடின்னா மட்டும் நாம போனா போதும்.

இதெல்லாம் கிராமத்து ஞாபகம், பழைய கதைன்னு யாராவது சொல்லலாம். எல்கேஜி, யூகேஜின்னு சொல்றோமே, அந்த "கேஜி" எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. கிண்டர்கார்ட்டன், ஜெர்மன் மொழியில குழந்தைகள் தோட்டம். ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சின்ன ஊரில் தொடங்கி, 1840-ல் இந்தப் பெயரை வைத்தார். பாட்டு, மரக்கட்டை, உருண்டை, தோட்ட வேலை. பாடமே விளையாட்டு தான். 1851-ல் பிரஷ்ய அரசு இந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. காரணம்? நாத்திகமும் சோசலிசமும் பரப்புகிறதாம்! அடுத்த ஆண்டே ஃபிரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860-ல். மரக்கட்டை அடுக்குற பிள்ளைங்களைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கு.

இன்னைக்கு நம்ம ஊர்ல யாரும் தடை போடல. பேரை வச்சுக்கிட்டு உள்ள இருந்த விளையாட்டை மட்டும் எடுத்துட்டாங்க. நாலு வயசுல ஹோம்வொர்க், மார்க், ரேங்க்.

அதனால என்ன நஷ்டம்னு கேட்டா, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி ஊரில் 1960-களின் கடைசியில் தொடங்கிய ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஏழைக் குடும்பங்களின் 68 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆசிரியர் சொல்லச் சொல்லப் பதில் சொல்லும் கறாரான பாடம் நடத்தினார்கள். மற்ற இரண்டிலும் பிள்ளைகள் தாங்களே தேர்ந்து செய்யும் விளையாட்டுக்கு இடம் இருந்தது. 23 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, கறார் பாடப் பிரிவில் வளர்ந்தவர்கள் தான் குற்ற வழக்குகளில் அதிகம் கைதாகியிருந்தார்கள். 68 பேர் சின்ன எண்ணிக்கை தான், அதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா தனியார் கேஜி விளம்பரத்தை நம்புறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்கிற எண்ணிக்கை.

பஸ் விளையாட்டுக்கே திரும்புவோம். "பொம்பளப் பிள்ளை டிரைவரா?"ன்னு ஒரு பையன் கேப்பான். அந்தக் கேள்வி அவன் வீட்டுல இருந்து வந்தது. 1993-லேயே கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்ட வந்துட்டாங்கன்னு அவனுக்கு யாராவது சொல்லணும். அதைவிட முக்கியம், பக்கத்துல நிக்கிற அந்தப் பொண்ணு ரெண்டு ரவுண்டு ஓட்டிக் காட்டணும். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே கயித்துக்குள்ள நிக்கிற முதல் இடமும் பல கிராமங்கள்ல அங்கன்வாடி தான். சாதியை அஞ்சாம் வகுப்புப் பாடத்துல ஒழிக்கலாம்னு காத்திருந்தா ரொம்பத் தாமதம்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் சுமார் 54 ஆயிரம் மையங்கள். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா"ன்னு விளையாட்டு வழிப் பாடத்திட்டமே இருக்கு. ஆக, குறை திட்டத்துல இல்ல. எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், தடுப்பூசிக்கு ஆள் சேர்க்கணும், செல்போன் செயலியில எல்லாத்தையும் பதிவேத்தணும், தேர்தல் வந்தா வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கணும். பணியாளருக்கான அடிப்படை மதிப்பூதியத்தை மத்திய அரசு 2018-ல் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கியது. மாநில அரசு மேல சேர்த்துக் கொடுத்தாலும் இது கௌரவமான சம்பளக் கணக்கு இல்ல. குட்டி விழுந்ததையும் டிரைவர் முறைச்சதையும் ஒரு பெரியவர் பார்த்துக்கிட்டே பொறுமையா இருக்கணும்னா, அவங்க கண்ணு போன்ல இருக்கக் கூடாது. பதிவு வேலைக்குத் தனி ஆள் போடுங்கன்னு நாம கேக்கணும்.

கசப்பா ஒண்ணு. எந்தக் கட்சி விழான்னாலும் நாலு வயசுப் பிள்ளைக்குத் துண்டு போட்டு மேடையேத்தி, தலைவர் மாதிரியே கை ஆட்டிப் பேச வைக்கிறாங்க. கைதட்டல் பறக்குது, வீடியோ ஓடுது. ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்துல ஒப்பிக்கிற அந்தப் பிள்ளை கத்துக்கிறது நடிப்பு. நம்ம தோழர்கள் யாரும் இதைச் செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டிய வேலை வேற இருக்கு. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்வாங்க. பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரிய இடம் அது. உங்க வார்டுல அப்படி எத்தனை இருக்கு, எந்த சர்வே எண், இப்ப அங்க என்ன நிக்குது? தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கட்டணத்தோட மனு போடுங்க. பதில் வந்ததும் நகலை இங்க பதிவிடுங்க, வார்டு வாரியா தொகுக்கிறோம். கூடவே, ஒப்புக்குச் சப்பாணிக்கு உங்க ஊர்ல வேற பேரு இருந்தா அதையும் எழுதுங்க.