வரத்துக்காலும் நீர்க்கட்டியும்

அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவரை அச்சுறுத்த வேண்டுமானால், தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அந்தக் காடு எது என்று யாரும் விளக்காமலே கேட்பவர் மனத்தில் இராமநாதபுரம் ஜில்லா வந்து நிற்கும். பரிகாசமாகப் பிறந்த இந்தப் பெயர் நாளடைவில் சாஸ்திர உண்மைபோல நிலைத்துவிட்டபடியால், அந்தப் பிரதேசத்தின் வறட்சிக்குப் பரிகாரம் தேடப் புகுகிறவர்களில் பெரும்பாலோர், அங்கே மழையே கிடையாது, ஆகையால் வெளியிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதொன்றே உபாயம் என்ற தீர்மானத்தோடுதான் புறப்படுகிறார்கள். மழைக்கணக்கோ வேறு கதை சொல்லுகிறது. வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் அங்கே மழை பெய்கிறது. கோயம்புத்தூர் நகரத்துக்குக் கிடைப்பதைக் காட்டிலும் இது அதிகம். ஜோத்பூருக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

குறை, மழை வந்து போகும் விதத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில புயற்சின்னங்களை நம்பிக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். பூமியோ மேடுபள்ளம் அதிகமில்லாத சமவெளி. கிணறு வெட்டலாமென்றால் பல இடங்களில், முக்கியமாகக் கடலோரத்தில், கிடைப்பது உவர்நீர். மலையில்லை, பெருங்காடில்லை, வருஷம் முழுவதும் ஓடும் ஆறுமில்லை. இப்படிப்பட்ட பூமியில், விழுகிற நீரை விழுந்த இடத்துக்கு அருகிலேயே மறித்து நிறுத்திக்கொள்வதைத் தவிர வேறு கதியில்லை என்று கண்ட முன்னோர், ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டி, மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழியும் நீர் வீணே கடலுக்குப் போகாமல் அடுத்த ஊரின் வரத்துக்காலில் இறங்கும்படியும், அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்குச் செல்லும்படியும், சங்கிலிபோலத் தொடுத்து வைத்தார்கள். இராஜசிங்கமங்கலத்துப் பெரிய கண்மாய்க்கு 48 மடைகள் என்றும், நாரைகூட அதை ஒரே மூச்சில் பறந்து கடக்காது என்றும் அந்தப் பக்கத்தார் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. வருஷநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையே தன் பயணத்தின் முடிவில் இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிஞ்சினால்தான் கடலைப் பார்க்கிறது.

மேற்கே வீணாகும் மலைநீரைக் கிழக்கே திருப்பலாமா என்ற யோசனை முதன்முதல் எழுந்ததும் இந்தத் தண்ணீரில்லாக் காட்டில்தான் என்பதை இங்கே நினைவு கூர்வது தகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சேதுபதியின் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றை மறிக்க முடியுமா என்று மலைமீது ஆளனுப்பிப் பார்த்து, செலவு தாங்காதென்று கைவிட்டார். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1895-ல், எஞ்சினியர் பென்னிகுக் அதைச் செய்து முடித்தார். அந்தத் தண்ணீர் முதலில் செழிக்கச் செய்தது மதுரைச் சீமையை. கனவு கண்ட பிரதேசம் இன்றும் கடைமடையாகவே இருக்கிறது. கடைமடைக்காரனுக்கு ஓர் அனுகூலம் மட்டும் உண்டு: வரும் என்று நம்பியிருக்கக் கூடாது என்பதை அவன் சீக்கிரமே கற்றுக்கொள்கிறான். பருவமழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில், புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வழக்கமும், சித்திரைக்கார் போன்ற முரட்டு நெல் ரகங்களும், நெல் பொய்த்தாலும் கைகொடுக்கும் முண்டு மிளகாயும் அந்த ஞானத்தின் விளைவுகள். அந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அந்த அதிர்ச்சியின் பயனாக அரசாங்கம், ஊரார் கூடி நீர்நிலைகளைச் செப்பனிடும் வழக்கத்துக்கு இருந்த குடிமராமத்து என்ற பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, 2017 மார்ச்சில் 100 கோடி ரூபாய் ஒதுக்கி 1,519 வேலைகளைத் தொடங்கிற்று. நோக்கத்தை நான் குறை கூறவில்லை. அலட்சியத்தைக் காட்டிலும் அரைகுறை முயற்சி மேலானதே. ஆயினும் அன்று முதல் இன்று வரை, கண்மாய்ச் சீர்திருத்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மந்திரி முதல் மாணவர் சங்கம் வரை எல்லாருடைய வாயிலும் வருவது தூர் வாருதல் என்ற ஒரே மந்திரமாக இருப்பதும், பொக்லைன் இயந்திரம் கண்மாயின் நடுவில் இறங்கி மண்ணை வாரும் புகைப்படமே புண்ணியத்தின் அத்தாட்சியாகக் கருதப்படுவதும் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை.

காரணத்தைச் சொல்லுகிறேன். கண்மாயின் மடை, கீழேயுள்ள வயலின் மட்டத்தை ஒட்டி வைக்கப்பட்டது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை முழம் தோண்டினாலும், அங்கே தங்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆயில் என்ஜின் வைத்து இறைத்தால்தான் மேலேறும், அதுவும் என்ஜின் வைத்திருப்பவனுடைய வயலுக்கு. ஆடுமாடு குடிக்கவும் மீன் வளரவும் பூமிக்குள் கொஞ்சம் இறங்கவும் அது பிரயோஜனப்படும் என்பதை மறுக்கவில்லை. வண்டல் மண்ணை அள்ளி வயலில் போடுவதும் நல்லதே. பாட்டன் காலத்தில் கோடைதோறும் மாட்டுவண்டி கட்டி அதைத்தான் செய்தார்கள். ஆனால் மடைமட்டத்தைக் கவனியாமல், அடியிலுள்ள களிமண் படிவத்தையும் பெயர்த்துவிடும்படி தோண்டுவது, நிற்கிற தண்ணீரையும் மண் குடித்துவிட வழி செய்வதாகும்.

இதனினும் பெரிய விஷயம், தோண்டிய பள்ளத்துக்குள் தண்ணீர் வரவேண்டும் என்பது! வரத்துக்கால் என்பது சில இடங்களில் பல மைல் தூரம், வேறு ஊர்களின் எல்லை வழியாக, பட்டா நிலங்களின் ஓரமாக, சாலைகளின் அடியாகச் செல்லும் ஒரு நீண்ட ஏற்பாடு. வழியிலே ஒருவர் வரப்பை இரண்டு அடி தள்ளிப் போடுகிறார். இன்னொருவர் வீட்டுமனை போடுகிறார். சாலை போடும்போது குறுக்கே பதிக்கப்பட்ட சிமெண்டுக் குழாய், வாய்க்காலின் தரையைவிட ஒரு முழம் உயரமாக அமைந்துவிடுகிறது. அப்புறம் அந்த ஒரு முழத்துக்கு மேல் எழும்பும் பெருவெள்ளம் மட்டுமே அந்த ஊருக்கு உரியது, சாதாரண மழையில் ஓடிவரும் நீர் எல்லாம் குழாய்க்கு இப்பாலேயே தேங்கி வற்றிப்போகும். இவற்றைச் சரி செய்வதற்கு நில அளவைக்காரர் வேண்டும், தாசில்தார் வேண்டும், நெடுஞ்சாலைத் துறையின் அநுமதி வேண்டும், இரண்டு ஊராரை உட்கார வைத்துப் பேசும் பொறுமை வேண்டும். கண்மாயின் நடுவில் தோண்டுவதற்கு ஒரு காண்டிராக்டர் போதும். கன மீட்டர் கணக்கில் அளவுப் புத்தகத்தில் எழுதிப் பில் போட்டுவிடலாம். எது எளிதோ அது நடக்கிறது.

வாய்க்காலைப் பழுது பார்த்தாலும் அதைக் காப்பவர் யார்? இவ்விடத்தில்தான் நீர்க்கட்டியைப் பற்றிச் சொல்ல நேர்கிறது. சில ஊர்களில் நீர்பாய்ச்சி என்றும், தெற்கே மடைக்குடும்பன் என்றும் பெயர். மழை இறங்கியதும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரவென்றும் பகலென்றும் பாராமல் வரத்துக்காலின் தலைப்பு வரை நடந்து அடைப்பை அகற்றுவதும், கரையில் நண்டு வளையோ எலி வளையோ கசிகிறதா என்று பார்த்துக் களிமண்ணால் அடைப்பதும், ஷட்டர் இல்லாத பழைய மடையில் மூச்சடக்கி முழுகித் துவாரத்தை அடைத்திருக்கும் கட்டையைப் பெயர்த்தெடுப்பதும், திறந்த பின் எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவருடைய தொழில். நிறைந்த வருஷத்தில் இந்த முறைக்கு அவசியமில்லை. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கண்மாய் பாதிகூட நிறையாத வருஷத்தில், தலைமடைக்காரன் மிதமிஞ்சிப் பாய்ச்சிக்கொண்டு கடைமடைக்காரனின் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் கருகிப் போகாதபடி காப்பது அந்த ஒரு மனிதரின் கண்டிப்பு. வறட்சியைத் தாங்கும் சக்தி என்று இப்போது மேடைகளில் பேசப்படுகிறதே, அதில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பழைய காலத்தைப் புகழ்ந்துவிட்டுப் போவது அநியாயமாகும். பல ஊர்களில் இந்தப் பணி தாழ்த்தப்பட்ட வகுப்புக் குடும்பங்களின் பரம்பரைக் கடமையாக இருந்தது. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல், விளையாத வருஷத்தில் அதுவும் இல்லை. சொந்த நிலமில்லாதவராகையால் பாரபட்சமின்றிப் பாய்ச்சுவார் என்று அதற்கு ஒரு நியாயமும் கற்பிக்கப்பட்டது. நிலமில்லாமையை ஒரு யோக்கியதாம்சமாக ஆக்கிவிட்ட இந்த விசித்திரத்தை என்னென்பது! குடிமராமத்தும் எப்போதும் மனமுவந்த சிரமதானமாக இருந்துவிடவில்லை. ஆள் வராவிட்டால் வரவழைப்பதற்கு 1858-ல் சென்னை ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பின்னர் 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஜமீன்கள் ஒழிந்தபோது, ஜமீன் கண்மாய்களும் சர்க்கார் வசமாயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை பஞ்சாயத்து ஒன்றியத்துக்கும் என்று பாகம் பிரிந்தது. ஜமீன் ஒழிந்தது நல்லது. ஆனால் கண்மாய்க்கு எஜமானர் கிடைத்த அளவுக்குக் காவலர் கிடைக்கவில்லை. நீர்க்கட்டியின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள், போனதும் நியாயமே. அவர்கள் விட்டுப்போன இடத்தில் யாரையும் நியமிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சீமைக் கருவேலத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கண்மாய்க்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் அது முளைத்திருப்பதை வேரோடு களைய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஜில்லாவின் வறட்சிக்கெல்லாம் அந்த மரமே மூலகாரணம் என்ற பிரசாரத்தை நான் நம்பவில்லை. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் பல, கரிமூட்டம் போட்டுத்தான் பிழைத்தன.

குடிதண்ணீருக்கு வருவோம். வயலுக்குக் கண்மாய் எப்படியோ அப்படி வாய்க்கு ஊருணி. குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, கரையில் வேம்பும் அரசும் நிழலிட, ஊரே காத்துவந்த நீர்நிலை அது. கலங்கலான தண்ணீரைத் தேற்றாங்கொட்டையால் உரைத்துத் தெளியவைத்துக் குடித்தார்கள். திருச்சிக்கு அருகே காவிரியிலிருந்து இறைத்த நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களில் ஜில்லாவுக்கு வந்து சேர்ந்த பிறகு, நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் ஏற்பட்ட பிறகு, பல ஊர்களில் ஊருணி அநாதையாயிற்று. குழாய் பெரிய உபகாரம்; குடத்தோடு மைல் கணக்கில் நடந்த பெண்களைக் கேட்டால் அதன் அருமை விளங்கும். ஆனால் காவிரியே வறண்ட வருஷத்தில், குழாயின் கடைக்கோடிக் கிராமத்தில் என்ன நடக்கிறது? நாலு சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியில் ஆறோ எட்டோ பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு, பழைய ஊருணியின் தரையில் தோண்டிய ஊற்றுக் குழியின் பக்கத்தில் வரிசை பிடித்து, ஊறுகிற நீரைக் கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் வடிகட்டி நிரப்பக் காத்திருக்கிறார்கள். இரண்டாவது கதவை இடித்துவிட்டு முதல் கதவுக்குப் பூட்டுப் போடும் புத்திசாலித்தனத்துக்கு இது ஒப்பாகும். குழாய் வந்த ஊரிலும் ஊருணியைக் காக்க வேண்டும் என்பது பஞ்சாயத்தின் கடமைகளில் எழுதப்பட வேண்டும்.

பண்ணைக்குட்டைகளைப் பற்றியும் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டினால் சுவர் செங்குத்தென்று வைத்துக்கொண்டாலும் பதின்மூன்றரை லட்சம் லிட்டர் கொள்ளும். மிளகாய்ச் செடி பூவெடுக்கும் தை, மாசியில் ஓரிரு தண்ணீர் விடுவதற்கு இது அமிர்தம். தானம் அறக்கட்டளை போன்றவர்கள் கண்மாய்களோடு இவற்றையும் பரப்பியது பாராட்டத்தக்கது. வெயில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் குடித்தாலும் நூறு நாளில் அரை மீட்டர் போய்விடும் என்பதையும், குட்டை அதை வெட்டிய ஒருவருக்கே உதவும் என்பதையும் மறக்காதிருந்தால் சரி.

நான் கோருவது அதிகமில்லை. மேலே சொன்ன 100 கோடியை 1,519-ஆல் வகுத்தால் வேலை ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு நீர்க்கட்டிக்குப் புரட்டாசி முதல் தை வரை ஐந்து மாதத்துக்கு, மாதம் 10,000 ரூபாய் வீதம் சம்பளம் கொடுத்தால் வருஷத்துக்கு 50,000. ஒரு கண்மாயை ஒரு தடவை தோண்டும் பணத்தில் 13 வருஷம் அதைக் காவல் காக்கலாம். மீன்பாசிக் குத்தகையும் கருவேல மர ஏலமும் வருஷந்தோறும் கண்மாயிலிருந்தே ஈட்டுகிற பணத்தில் ஒரு பகுதியை அந்தக் கண்மாய்க்கே விட்டுவைத்தால், கஜானாவின் சுமை இன்னும் குறையும். பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுக்கும் 2000-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஜாதியினராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், ஊர்க்கூட்டத்தில் தேர்ந்தெடுத்து, நெல்லாக அன்றி ரூபாயாக, ரசீது பெற்றுக் கொடுக்கும் சம்பளமாக அது இருக்க வேண்டும்; வரத்துக்காலில் ஆக்கிரமிப்பைக் கண்டு நீர்க்கட்டி எழுதிக் கொடுக்கும் புகாரைத் தாசில்தார் குறித்த கெடுவுக்குள் விசாரிக்க வேண்டும். பார்த்திபனூர் மதகணைக்குக் கீழே, ஒரே தொடரிலுள்ள பத்துப் பன்னிரண்டு கண்மாய்களில் வருகிற ஆடிக்குள் வாய்க்காலை அளந்து கல் நட்டுவிட்டு, இந்த ஏற்பாட்டை மூன்று வருஷம் நடத்திப் பார்க்கட்டும். மூன்றில் ஒன்றாவது மழை குறைந்த வருஷமாக அமையக்கூடும், அந்த வருஷத்தின் கடைமடை விளைச்சலைக் கணக்கெடுத்துத் தூர் மட்டும் வாரிய கண்மாய்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மேற்கொண்டு பணத்தை எதில் போடுவது என்று முடிவு செய்யலாம்.