மனத்தோடு பேசுவது நோயல்ல

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் தனியே உதடசைத்துக்கொண்டு நின்றால், பக்கத்தில் நிற்பவர் இரண்டடி தள்ளிப் போகிறார். தனக்குத்தானே பேசுவது மனக்கோளாறு என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. அதனால் நமக்குள்ளேயே பேச்சு ஓடும்போதும் பயப்படுகிறோம். "அதை அடக்கு, முடியாவிட்டால் யாரிடமாவது கொட்டித் தீர்" என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸ், இந்த உட்பேச்சைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர். 2021-இல் 'சாட்டர்' என்ற நூலை எழுதியவர். அவரும் அவர் துறையினரும் கண்டறிந்தவற்றின் முன் இந்த மூன்று கூற்றுகளும் நிற்கவில்லை.

ஒன்று, "உட்பேச்சு கோளாறின் அடையாளம்."

சிறு பிள்ளை கட்டைகளை அடுக்கும்போது, "இது இங்கே, இல்ல, விழுந்துடும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்கும். பெரியவர்கள் தன்னிடம் பேசிய முறையிலேயே அது தன்னை நடத்தப் பழகுகிறது. வளர வளர அந்தப் பேச்சு உள்ளே போய்விடுகிறது என்று சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930-களிலேயே விளக்கினார். ஒரு தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை மனத்தில் பிடித்துவைப்பதும், நேர்காணலுக்கு முன் பதிலை ஒத்திகை பார்ப்பதும் இந்தப் பேச்சால்தான். வேறு யாரோ பேசுவதுபோல் குரல் கேட்பது தனி விஷயம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது தவறு.

இரண்டு, "அடக்கினால் அடங்கிவிடும்."

1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் ஒரு சோதனை செய்தார். கலந்துகொண்டவர்கள் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி திரும்பத் திரும்ப ஒலித்தது. பிறகு அவர்களிடமே "இப்போது நினைக்கலாம்" என்றபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. கவலையும் அப்படித்தான். விரட்ட விரட்ட வாசலிலேயே நிற்கும்.

மூன்று, "கொட்டித் தீர்த்தால் பாரம் இறங்கும்."

2002-இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவர்களைக் கோபப்படுத்தினார். ஒரு பிரிவினர் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களின் கோபம்தான் கூடுதலாக இருந்தது. நண்பரிடம் மனம் திறப்பது தேவை, மறுக்கவில்லை. ஆனால் நடந்ததையே இருவரும் திரும்பத் திரும்பக் கிளறினால் நெருக்கம் வளரும், புண் ஆறாது. ஆறுதல் சொன்ன கையோடு, சற்றுத் தள்ளி நின்று பார்க்கவும் உதவுகிறவரே நல்ல துணை என்கிறார் கிராஸ்.

அந்தத் தள்ளி நிற்றலை நமக்கு நாமே செய்துகொள்ள முடியும். கிராஸ் குழுவின் 2014 ஆய்வில், போதிய அவகாசம் இல்லாமல் மேடைப்பேச்சுக்குத் தயாரானவர்களில் சிலர் "நான் ஏன் பதறுகிறேன்?" என்று யோசித்தார்கள். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்லித் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். பெயர் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். பேசி முடித்தபின் அதையே நினைத்து மருகியதும் குறைவு. 2017-இல் உளவியலாளர் ஜேசன் மோசரோடு சேர்ந்து மூளையை அளந்தபோது, பெயர் சொல்லி யோசித்தவர்களிடம் உணர்ச்சியின் அலை ஒரு நொடிக்குள் தணிந்தது. அதற்குப் பெருமுயற்சி எடுத்த அடையாளமும் இல்லை. பெயர் சொல்லி அழைப்பது நாம் பிறரிடம் பேசும் முறை. பிறர் துன்பத்துக்கு யோசனை சொல்ல நமக்குத் தடுமாற்றம் குறைவு.

தமிழுக்கு இது அந்நியமல்ல. திருக்குறளில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. பிரிவில் வாடும் தலைவி அதில் தன் நெஞ்சையே முன்னிலையில் நிறுத்திப் பேசுகிறாள்.

ஆகவே, தூக்கம் வராமல் "நான் ஏன் இப்படிச் செய்தேன்" என்று புரளும் இரவில், 'நான்' இருக்கும் இடத்தில் உங்கள் பெயரை வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே கவலையோடு வந்தால் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை "வாயை மூடு" என்று நீங்கள் விரட்ட மாட்டீர்கள்.