மின்சாரத்தைச் சேமிக்க ஹைட்ரஜன் எதற்கு?

“பேட்டரி இடைக்கால ஏற்பாடுதான், சூரிய மின்சாரத்தையும் காற்றாலை மின்சாரத்தையும் சேமிக்க ஹைட்ரஜனும் எரிபொருள் கலமும்தான் வழி” என்ற பேச்சு மேடைக்கு மேடை கேட்கிறது. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“ஹைட்ரஜனில் ஆற்றல் அதிகம்.” எடைக்கு எடை பார்த்தால் உண்மை. ஒரு கிலோவில் 33 யூனிட்டுக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. பெட்ரோலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் சாதாரண அழுத்தத்தில் அந்த ஒரு கிலோ 11 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். சுருக்க வேண்டுமானால் காற்றழுத்தத்தைப் போல் 350, 700 மடங்கில் அமுக்க வேண்டும். இல்லையேல் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். ராக்கெட்டுக்கு எடை முக்கியம். துணைமின் நிலையத்தின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் சேமிப்புக்கு எடையைப் பற்றி என்ன கவலை?

“உபரி மின்சாரம் சும்மா வருவது, இழப்பு இருந்தால் என்ன?” தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்கிற வாதம் இது. கணக்கைப் பாருங்கள். 100 யூனிட் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்தால், சுமார் 65 யூனிட்டுக்கு ஈடான ஹைட்ரஜன் கிடைக்கும். அமுக்கிச் சேமிப்பதில் இன்னும் சில யூனிட் போகும். அதை மறுபடி மின்சாரமாக்கும் எரிபொருள் கலத்தில் மிச்சத்தில் பாதியோ சற்றுக் கூடுதலோ தேறும். ஆக, கைக்குத் திரும்புவது 30 முதல் 35 யூனிட். லித்தியம் பேட்டரியில் 85 யூனிட் அளவுக்குத் திரும்பும். அதே மின்சாரத்தை இரவில் பெற, ஹைட்ரஜன் வழியில் இரண்டரை மடங்கு சோலார் தகடுகள் வேண்டும். அவற்றை யாரும் தானமாகத் தருவதில்லை. உபரி உள்ள சில மணி நேரம் மட்டும் ஓடி மற்ற நேரம் சும்மா கிடக்கும் மின்பகுப்பு ஆலைக்கு வட்டி கட்டுவது யார்?

“பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும்.” மின்தொகுப்புக்கென இன்று நிறுவப்படும் பேட்டரிகளில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. மாறாக, ஹைட்ரஜன் பக்கம் பரவலாகப் பேசப்படும் பிஇஎம் (புரோட்டான் பரிமாற்றச் சவ்வு) கருவிகளுக்குப் பிளாட்டினமும் இரிடியமும் வேண்டும். உலகம் முழுக்க ஆண்டுக்குப் பத்து டன் இரிடியம்கூடக் கிடைப்பதில்லை.

“ஆடிக் காற்றை மார்கழிக்கு எடுத்துவைக்கப் பேட்டரியால் ஆகாது.” இது வலுவான வாதம். ஆண்டுக்கு ஒரு முறை நிரப்பிக் காலி செய்யும் பேட்டரி போட்ட முதலை எடுக்காது. ஆனால் ஹைட்ரஜனை மாதக்கணக்கில் மலிவாக வைக்க நிலத்தடி உப்புக் குகைகள் வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அப்படிக் குடைந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் அடியில் பெரும்பகுதி கடும்பாறை. நம் அன்றாடச் சிக்கலோ, மதியம் மிஞ்சும் மின்சாரத்தை மாலை உச்சத்தேவைக்குக் கொண்டுபோவது. அதற்குப் பேட்டரியும், 400 மெகாவாட் காடம்பாறை போன்ற நீரேற்றுப் புனல் மின் நிலையங்களுமே பொருத்தம்.

இரண்டு வழியிலும் இறங்கிய மாநிலம் தெற்கு ஆஸ்திரேலியா. 2017இல் அங்குள்ள ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி, ஒப்பந்தம் போட்ட 100 நாளுக்குள் நிறுவப்பட்டது. 2020இல் 150 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது. வயாலாவில் மாநில அரசு, ஹைட்ரஜனைத் தயாரித்து, அதை எரித்து மின்சாரம் எடுக்க 593 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் திட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில் அதைக் கிடப்பில் போட்டது.

அப்படியானால் ஹைட்ரஜனே வேண்டாமா? தூத்துக்குடிக்கு வாருங்கள். வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி நிலையம் தொடங்கப்பட்டது. தெருவிளக்குகளுக்கும் மின்வண்டி சார்ஜ் நிலையத்துக்கும் மின்சாரம் தருவது அதன் வேலை. சோதனைக்குச் சரி. ஆனால் மின்சாரத்தை வாயுவாக்கி, வாயுவை மறுபடி மின்சாரமாக்கி, கடைசியில் வண்டியின் பேட்டரியில்தானே நிரப்புகிறோம்? அதே ஊரில் ஸ்பிக் உர ஆலை இருக்கிறது. அம்மோனியாவுக்கு ஹைட்ரஜனே மூலப்பொருள். அங்கே பேட்டரியால் ஒன்றும் ஆகாது. உரம், எஃகு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றின் தேவையையே பசுமை ஹைட்ரஜன் இன்னும் ஈடுகட்டவில்லை. அந்த வரிசையில் தெருவிளக்கு கடைசியில் நிற்கட்டும்.