உம்மாவின் காப்பும் போனில் வாங்கிய தங்கமும்



எம்மிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா அண்மையில் வந்து சொன்னார்: "தங்கத்த அடகு வெச்சுத் தங்கம் வாங்கின எண்டான் சேர். இப்ப ரெண்டும் இல்ல."

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. இஷாவுக்குப் பிறகு சந்தியில் கூடும் நம் பிள்ளைகளின் பேச்சே இப்போது தங்கம் ஏறுமா, யூரோ இறங்குமா என்பதுதான். ஆகவே நாம் பேசத்தான் வேண்டும்.

டெக்னிகல் அனலிசிஸ் ஏமாற்று வேலை அல்ல. பழைய விலைகளை வரைபில் போட்டு, விலை எங்கே தாங்கி நின்றது, எங்கே தடைப்பட்டது என்று பார்க்கும் முறை அது. ஆனால் அது நடந்ததைக் காட்டும். நடக்கப் போவதற்குப் பொறுப்பு நிற்காது.

சுவிற்சர்லாந்தைப் பாருங்கள். ஒரு யூரோ 1.20 பிராங்கை விடக் கீழே போக விடமாட்டோம் என்று அந்நாட்டு மத்திய வங்கி 2011 செப்டெம்பரில் அறிவித்தது. வரைபு பார்ப்பவருக்கு அதைவிட உறுதியான சப்போர்ட் கிடையாது. 2015 ஜனவரி 15 அன்று வங்கி அந்த வாக்கைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. ஸ்டொப் லொஸ் போட்டவர்கள் பலருக்கும் குறித்த விலையில் வெளியேற முடியவில்லை. பிரித்தானியாவில் ஒரு தரகு நிறுவனமே வங்குரோத்தானது.

அடுத்தது லெவரேஜ். எட்டாம் ஆண்டுக் கணக்குதான். 1:500 என்றால் 100 டொலரை வைத்து 50,000 டொலர் தங்கத்தைப் பிடிக்கிறோம். விலை வெறும் 0.2 சதவீதம் மாறி நகர்ந்தால் நட்டம் 100 டொலர். முதல் முழுவதும் முடிந்தது. தங்கம் அவ்வளவு அசைய ஒரு நாள் கூடத் தேவையில்லை. நம் கணிப்பு மாலையில் சரியாகலாம். காசு காலையிலேயே போயிருக்கும். இவ்வகைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதமானவை நட்டமடைவதாக ஐரோப்பிய ஒழுங்குபடுத்துநர்கள் 2018 இல் சொல்லி, தங்கத்துக்கான லெவரேஜை 1:20 ஆகக் கட்டுப்படுத்தினார்கள்.

"இது இஸ்லாமிக் எக்கவுண்ட், சுவாப் இல்லை" என்கிறார்கள். இரவு வட்டி இல்லாவிட்டால் மட்டும் போதுமா? தங்கமும் நாணயமும் கைக்குக் கை மாற வேண்டும் என்பது மார்க்கத்தின் நிபந்தனை. 2006 இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை மார்ஜின் வியாபாரம் கூடாது என்றே தீர்மானித்தது. உங்கள் நிலைமையை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். சிக்னல் தருபவரிடம் கேட்காதீர்கள். ஆள் சேர்த்துக் கொடுப்பவருக்கு, நீங்கள் வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு ட்ரேடுக்கும் கொமிஷன் கிடைக்கக் கூடும்.

தம்பிமாரே, வரைபு படியுங்கள், பொருளாதாரம் படியுங்கள். டெமோ கணக்கில் ஆறு மாதம் எழுதி வைத்து, உங்கள் கணிப்பை நீங்களே திருத்திப் பாருங்கள். வட்டிக்கு அடகு வைத்த காசை மட்டும் அதில் போடாதீர்கள்.

பெற்றோரே, பிள்ளை நட்டப்பட்டு வந்து நின்றால் முதலில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் இழந்ததைப் பிடிக்க இன்னொரு காப்பைக் கேட்கிறான்.

அல்லாஹ் நம் உழைப்பில் பரகத் செய்வானாக.