பச்சோந்திக்கும் பூச்சி மருந்து



வீட்டில் வளர்க்கும் பிராணிகளைப் பற்றி வாசகர்களை எழுதச் சொல்லியிருந்தோம். நாய், பூனை, கிளி, மீன் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றுக்கு நடுவே டெக்சாஸில் வசிக்கும் ஒரு வாசகியின் கடிதம். மகள் வளர்க்கும் பச்சோந்தியின் எச்சத்தைப் பரிசோதித்ததில் புழு முட்டைகள் இருந்திருக்கின்றன. மருத்துவர் பூச்சி மருந்து கொடுத்தாராம். அதிலிருந்து இரையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். “குழந்தை சாப்பிடலைன்னா என்ன பண்றதுன்னு தெரியும் சார். இதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டிருக்கிறார். கேள்வி பிடித்துப்போனதால் இந்த மாதப் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

பச்சோந்தி என்ற பெயர் நம் அரசியல் மேடைகளில் அடிபடாத நாளில்லை. அந்த உயிரை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. வாசகி வீட்டில் இருப்பது யேமனையும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைகளையும் சேர்ந்த இனம். தலையில் கிரீடம் போல ஒரு கொண்டை இருக்கும். அமெரிக்காவில் பண்ணைகளில் பொரித்தே விற்கிறார்கள். காட்டிலிருந்து பிடித்து வருபவற்றின் வயிற்றில் புழு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பண்ணையில் பிறந்தவற்றுக்கும் வராது என்று சொல்ல முடியாது. இரையாக விடும் சுவர்க்கோழிகள் கூண்டின் தரையில் கிடக்கும் எச்சத்தில் ஏறி நடந்துவிட்டு, அப்படியே பச்சோந்தியின் வாய்க்குள் போகின்றன. புழு சுற்றிச் சுற்றி வர இது போதும்.

பெரும்பாலும் கொடுக்கப்படும் மருந்து பென்பெண்டசோல். நம் பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குச் சப்பக் கொடுக்கிறார்களே அல்பெண்டசோல், அதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். புழுவின் உயிரணுக்களுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைத்துவிடும். அதன் பிறகு புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது; பட்டினியில் சாகும். ஆனால் அளவு மீறினால் வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் மீதும் அதே மருந்து கை வைக்கும். அப்படிப் பெருகுபவை குடலின் உள்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. ஆமை, பாம்பு, புறா ஆகியவற்றில் இந்த மருந்தால் வெள்ளையணுக்கள் சரிந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எனவே ‘வெறும் பூச்சி மருந்துதானே’ என்று நினைக்க வேண்டாம்.

அளவைக் கொஞ்சம் பாருங்கள். பச்சோந்தியின் எடை 100 கிராம், மருத்துவர் எழுதியது கிலோவுக்கு 25 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தேவை 2.5 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் பத்து சதவீதத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். அப்படியானால் கொடுக்க வேண்டியது 0.025 மில்லி, ஊசிமுனையில் தொங்கும் ஒரு சின்னத் துளி. கண் அளவில் ஊற்றினால் நாலு பங்கு, ஐந்து பங்கு கூடிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர்கள் மருந்தை நீர்க்கச் செய்து, அளந்தே கொடுத்தனுப்புகிறார்கள். நாய்க்கு வாங்கிய பாட்டில் வீட்டில் இருக்கிறது என்று யாரும் கை வைத்துவிடாதீர்கள். அந்த வரிசையில் ஐவர்மெக்டின் இன்னும் ஆபத்து. கோடிக்கணக்கான மனிதர்களைக் காப்பாற்றி, கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அதே மருந்து ஆமைகளை முடக்கிக் கொன்றுவிடும்.

இனி வாசகியின் கேள்விக்கு. மருந்து வயிற்றைப் புரட்டுவதால் பசி போயிருக்கலாம். அதைவிட முக்கியமானது, கொடுத்த விதம். பச்சோந்திக்குக் கையில் பிடிபடுவதே பிடிக்காது. இதில் வாயை வேறு பலவந்தமாகத் திறந்தால் கேட்கவா வேண்டும்? உடம்பெல்லாம் கறுத்து, நாள் முழுக்க இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதன் நாக்கு ஒரு மெல்லிய எலும்புத் தண்டின் மேல் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. உடலை விட நீளமாகப் பாய்ந்து இரையை ஒட்டி இழுத்துவரும் கருவி அது. திறக்கும்போது அதில் அடிபட்டால் பசி இருந்தும் சாப்பிட முடியாமல் போகும். பசி போனதும் நாக்கில் அடிபட்டதும் பார்ப்பவருக்கு ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் அடிபட்ட பச்சோந்தி பூச்சியையே குறி பார்க்கும், நாக்கை நீட்ட முயலும், பாதியில் விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் வித்தியாசம் பிடிபடும். கோபத்தில் அதுவாகவே வாயைப் பிளக்கும் நொடியில் துளியை விட்டுவிடுவது பழகியவர்கள் செய்யும் தந்திரம்.

பெட்டையாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. இந்த இனத்துப் பெட்டை ஆண் துணை இல்லாமலேயே முட்டை வைக்கும். முட்டையிடும் காலம் நெருங்கினால் இரையைத் தொடாது. பழி மருந்தின் மேல் விழும்.

சாப்பிடவில்லை என்றால் ஊட்டிவிடுவதுதான் நம் வீடுகளின் முதல் வைத்தியம். அம்மாக்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படி வளர்ந்தவன்தான். பச்சோந்தியிடம் அது வேலைக்கு ஆகாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இரையைத் திணித்தால் செரிக்காது. முதலில் தண்ணீர். கிண்ணத்தில் வைத்த தண்ணீர் அதன் கண்ணில் படாது. இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்து உருண்டால்தான் குடிக்கும். அடுத்தது சூடு. தன் உடம்பை வெளிச்சூட்டில்தான் அது காய்ச்சிக்கொள்கிறது. விளக்கின் கீழ் 30 டிகிரியை ஒட்டி வெப்பம் இல்லாவிட்டால் குடலும் ஓடாது, மருந்தும் ஒழுங்காக வேலை செய்யாது. அதற்குப் பிறகு, சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நன்றாக வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினியைத் தாங்கும். எடை நிற்கிறதென்றால் பதறாமல் ஒரு பட்டுப்புழுவைக் காட்டிப் பாருங்கள். மெத்தென்றும் ஈரமாகவும் இருப்பதால், சுவர்க்கோழியை ஒதுக்கியதுகூட அதற்கு நாக்கை நீட்டலாம்.

குஞ்சு என்றால் இந்தப் பொறுமை கூடாது. எடை இறங்கினாலோ, கண் குழி விழுந்தாலோ, பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ, எச்சத்தோடு வரும் வெள்ளைக் கட்டி ஆரஞ்சு நிறமானாலோ அடுத்த வேளை மருந்தைத் தருமுன் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நிறுத்துவதா, தள்ளிப்போடுவதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கூண்டைத் தினமும் துடைத்து, தின்னாமல் விட்ட பூச்சிகளை எடுத்துவிடுங்கள். மருந்து முடிந்து சில வாரம் கழித்து எச்சத்தை மறுபடி பரிசோதிக்கக் கொடுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இதைப் படித்துவிட்டு நம்மூர்ப் பிள்ளைகள் ஆசைப்படக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வேலிகளில் திரியும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். யேமன் இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், அதை இந்தியாவில் வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பதிவுக் காகிதத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்