நனைந்த பாயும் நாணாத சமுதாயமும்

விடியற்காலை ஐந்து மணி. பனியன் நகரமாம் திருப்பூரிலே, லைன் வீடுகள் விழித்துக்கொள்ளும் வேளை. ஒரே அறை, அதுவே சமையற்கட்டு, அதுவே படுக்கையறை. அதன் மூலையிலே எட்டு வயதுச் சிறுவன் நிற்கிறான். அவன் அழவில்லை, அழுதால் அடி அதிகமாகும் என்பது அவன் கற்ற முதற் பாடம். பாய் நனைந்திருக்கிறது. குழாயிலே தண்ணீர் வந்து நாலு நாளாயிற்று. அன்னையோ, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பியவள். எட்டரை மணிக்கு மீண்டும் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர வேண்டியவள். விழுகிறது அடி! நனைந்த பாயைத் தலையிலே ஏற்றித் தெருவிலே நிறுத்துகிறாள். தெரு சிரிக்கிறது!

வெளிநாட்டுக் குழந்தைகள் இதமாக உறங்கிட இரவு உடை தைத்தனுப்பும் ஊர் இது. ஆண்டொன்றுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி! அந்த உடையைத் தைக்கும் தாயின் பிள்ளைக்கோ, ஈரப்பாயும் இடிசொல்லும்!

அந்த அன்னையைச் சாடவா எழுதுகோல் எடுத்தேன்? இல்லை, தோழர்களே! முதற் குற்றவாளி நான். அச்சிறுவன் என் வகுப்பு மாணவன். வாடை வீசுகிறதென்று மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபோது, அவர்களைத் திருத்த வேண்டிய நான், அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று மேடையிலே முழங்கிய வாய், ஒரு பேதைச் சிறுவனுக்காகப் பேச மறுத்தது. வெட்கப்பட வேண்டியவன் அவனா, நானா?

உண்மை என்ன? ஐந்து வயதிலே நூற்றுக்கு 15 பிள்ளைகள், பத்து வயதிலே நூற்றுக்கு 5 பிள்ளைகள் உறக்கத்திலே படுக்கையை நனைக்கிறார்கள். ஆண் பிள்ளைகளிடையே இது அதிகம். இரவு வேளையிலே சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும் ‘வாசோபிரசின்’ என்னும் இயக்குநீர் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை அதிகம் தாங்குவதில்லை. பை நிறைந்ததென்ற சேதி, உறங்கும் மூளையைத் தட்டி எழுப்புவதுமில்லை. இதிலே சோம்பல் எங்கே? திமிர் எங்கே? உறங்குகிறவன் செய்யாத குற்றத்துக்கு, விழித்திருக்கிறவன் தருகிறான் தண்டனை!

அடிக்க ஓங்கும் தந்தையே, கையை இறக்கு. உன் அன்னையிடம் கேள்! பெற்றோரில் ஒருவருக்குச் சிறுவயதிலே இது இருந்திருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு 44 பேருக்கும், இருவருக்கும் இருந்திருந்தால் 77 பேருக்கும் வருகிறது என்கின்றன ஆய்வுகள். 13-ஆம் குரோமோசோமுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று 1995-ஆம் ஆண்டிலே டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நீ தந்த சொத்துக்கு உன் மகனையே உதைக்கிறாயே, இது நீதியா?

நம் நாட்டிலோ, “நெருப்போடு விளையாடினான், அதனால் நனைக்கிறான்” என்கிறாள் பாட்டி. தாயத்துக் கட்டுகிறான் மந்திரவாதி. சூடு போடவும் துணிகிறது ஒரு கூட்டம். ரோமாபுரியின் பிளினி, முதல் நூற்றாண்டிலே, எலியை வேகவைத்துப் பிள்ளைக்கு ஊட்டச் சொன்னான்! அறியாமைக்கு ஏது நாட்டு எல்லை?

“தாயத்துக் கட்டினோம், நின்றுவிட்டதே!” என்பார் சிலர். நிற்கும், கட்டாவிட்டாலும் நிற்கும்! இத்தொல்லை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் ஆண்டுதோறும் மருந்தின்றி, மந்திரமின்றித் தாமாகவே தேறுகிறார்கள். வேலை செய்தது வளரும் உடல். கூலி வாங்கியவன் மந்திரவாதி!

அறியாமை ஏழைத் தாயின் தனிச்சொத்து என்றும் எண்ணிவிடாதீர். கவி தாகூர் 1901-ஆம் ஆண்டிலே பள்ளி கண்ட சாந்திநிகேதனத்துக்கு வாருங்கள். 2012 ஜூலையிலே, விசுவபாரதியின் பாட பவனத்து விடுதியில், படுக்கையை நனைத்த ஐந்தாம் வகுப்புச் சிறுமியை அவள் சிறுநீரையே அருந்தச் செய்ததாக விடுதிக் காப்பாளர் மீது புகார் எழுந்தது; நாடே திடுக்கிட்டது; காப்பாளர் கைது செய்யப்பட்டுப் பிணையிலே விடப்பட்டார். பள்ளியிலே உடல் தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துதலும் கூடாதென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவிலே விதித்த பின்னர் எழுந்த புகார் இது! சட்டம் ஏட்டிலே ஏறியது. வீட்டிலும் விடுதியிலும் ஏறவில்லையே!

என் மாணவனிடம் ஒருநாள் கேட்டேன்: “பகலெல்லாம் ஏன் கண்ணு தண்ணீர் குடிப்பதில்லை?”

“கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லீங்க சார். பசங்க தள்ளித் திறந்து சிரிக்கறாங்க.”

சிரிப்புக்கு அஞ்சிப் பகலெல்லாம் தொண்டை வறள இருக்கிறான், மாலையிலே வீடு சேர்ந்து, தாகம் தீரக் குடிக்கிறான், தாய் வந்ததும் நேரங்கழித்துச் சோறு, அதன் பின் தேநீர், உடனே உறக்கம். பகலிலே அடக்கி அடக்கி மலச்சிக்கலும் சேர, அது சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும் கழிப்பறையும் ஆறு திங்களுக்குள் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரிலே ஆணையிட்டது. சுவர் எழுந்தது, தாழ்ப்பாள் எங்கே? சில ரூபாய்த் தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு சிறுவனின் தன்மானம் தெருவிலே கிடக்கிறது!

செய்ய வேண்டியது கடினமன்று. பகலிலே நிறையத் தண்ணீர், படுக்கும் முன் குறைவாக, தேநீர் வேண்டாம், படுக்கப் போகுமுன் ஒருமுறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். ஈரம் பட்டதும் ஒலிக்கும் மணி உண்டு. 1904-ஆம் ஆண்டிலே பவுண்ட்லர் என்ற மருத்துவர், செவிலியர்க்குச் சேதி சொல்ல அமைத்த மணி, பிள்ளைகளையே பழக்கிவிட்டது! 1938-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மௌரர் தம்பதியர் அதைச் சிகிச்சை முறையாகவே வளர்த்தனர். மருந்தும் உண்டு, மருத்துவர் சொன்னால் மட்டும். ஆறு மாதம் நின்றிருந்து மீண்டும் தொடங்கினாலோ, எரிச்சலோ அடங்காத தாகமோ பகலிலே கசிவோ இருந்தாலோ, தாமதியாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றாகவோ, நீரிழிவாகவோகூட இருக்கலாம்.

இளைஞனே! மேடையிலே மூடநம்பிக்கையைச் சுட்டெரிப்பது எளிது. விடியற்காலை ஐந்து மணிக்கு, உன் வீட்டு மூலையிலே தம்பி தலைகுனிந்து நிற்கும்போது நீ என்ன செய்கிறாய்? அங்கேதான் உன் பகுத்தறிவுக்குத் தேர்வு! சிரிக்காதே. பட்டப்பெயர் சூட்டாதே. ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்து. பள்ளிக்குச் சென்று தாழ்ப்பாள் கேள். தராவிட்டால் நீயே வாங்கிப் பொருத்து.

அவனை நான் முதல் வரிசைக்கு அழைத்துக்கொண்டேன். பாய் இன்னும் சில நாள் நனைகிறது. ஆனால் அவன் தலை குனிவதில்லை. குனிய வேண்டிய தலைகள் வேறு!